புத்தூர்ச் சாலையோர நன்னாரி சர்பத்தும் மாகாளிக்கிழங்கும்

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், எலும்புமுறிவுக் கட்டுக்குப் பெயர்போன புத்தூரில், சாலையோர சர்பத் கடை ஒன்றில் சென்ற மாதம் ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத்தும், வீட்டுக்கு ஒரு பாட்டில் பாகும், ஊறுகாய் போட அரைக் கிலோ மாகாளிக்கிழங்கும் வாங்கினேன். சர்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சையின் புளிப்பு முதலில் தெரிந்து, விழுங்கிய பிறகே வேரின் மணம் மேலெழுந்தது. எசன்ஸ் கலந்து விற்கும் கடைகளில் மணம் மூக்கில் ஏறிய பின் வாயில் வெறும் சர்க்கரைதான் மிஞ்சும்.

என் மனக்குறை பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த ‘நன்னாரி’ என்ற பெயரைப் பற்றியது. நம்மூர் நாட்டுமருந்துக் கடைகளில் நன்னாரி என்று கேட்டால் மெலிந்து கறுத்த வேரைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். இங்கே பாகு காய்ச்சுவதற்காக வைத்திருந்ததோ விரலைவிடப் பருத்த, சதைப்பற்றுள்ள மாகாளிக்கிழங்கு. புத்தூரை உள்ளடக்கிய ஆந்திரத்தின் இராயலசீமைப் பகுதியில் இதையும் நன்னாரி என்றே வழங்குவதால் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். இரண்டும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணம் தரும் வேதிப்பொருளும் இரண்டிலும் ஒன்றே. உடற்சூடு தணியவும் பசி எடுக்கவும் இரண்டையும் கொடுப்பதுண்டு. ஆனால் நன்னாரி வேலியோரத்தில்கூடக் கிடைக்கும். மாகாளி, 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் போன்ற மலைகளில் பாறை இடுக்குகளில் வேரூன்றிப் படரும் கொடி; உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்திலுள்ள இனமாக இடம்பெற்றது. கிழங்குக்காக அடியோடு தோண்டினால் கொடியும் அதோடு போயிற்று. எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, "மலையிலேர்ந்துதான் சார், யானாதிங்க கொண்டுவந்து போடுவாங்க" என்று அங்குள்ள யானாதிப் பழங்குடியினரைச் சொன்னார் கடைக்காரர். பயிரிட்ட கிழங்கு கிடைக்குமா என்ற கேள்விக்கு எலுமிச்சை பிழிவதில் மும்முரமாகிவிட்டார்.

கிழங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அவர் எடுத்துப் போடுவதை வாங்காமல் நீங்களே பொறுக்குங்கள். எனக்குக் கிடைத்தவற்றில் நான்கைந்து முற்றியவை. தோல் சீவி நடுநாரை உருவியதும் பாதி குப்பைக்குப் போயிற்று. மிஞ்சியதைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் கலந்த புளித்த மோரில் ஊறப்போட்டேன். நறுக்கும்போது மூட்டைப்பூச்சி வாடை என்று முகம் சுளித்து அடுக்களையை விட்டு வெளியேறிய என் மகன், நான்காம் நாள் தயிர்சாதத்துக்கு இரண்டாம் முறையும் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.