ஓட்டோ கியர் லீவரைக் கீழே மாற்றித் தருகிறோம் என்றால் கவனம்

பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹைஏஸ்) வைத்திருக்கிற வன்னிச் சனத்துக்கு இதைச் சொல்ல வேண்டும். ஓட்டோ கியர், அதாவது தானாகக் கியர் மாறுகிற டொல்பினில் லீவர் ஸ்டியரிங்கோடு இருக்கும். அது ஆடத் தொடங்கினதும் கராச்சுக்குக் கொண்டுபோனால், "உது முடிஞ்சுது அண்ணை, உதுக்குச் சாமான் வராது. கீழ வைச்சுத் தாறம், கார் ஓடுற மாதிரி இருக்கும்" என்பார்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். 95,000 ரூபாய் வாங்கினார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து எல்லோரும் இருக்கிற வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓடுகிறோம். 2025இல் திரும்பத் திறந்தார்கள் என்றாலும் அந்த விலைக்கு யார் கிட்டப்போவது? ஆகையால் பழைய வானுக்கு "சாமான் வராது" என்று ஒருவர் சொன்னால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தக் கலக்கத்தில்தான் இவர்களுடைய வியாபாரம் நடக்கிறது.

வானை எடுக்கும்போது பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கறுப்புத் தோல் உறை, பளபளக்கிற கைபிடி, பக்கத்தில் பார்க், ரிவர்ஸ் என்று எழுத்துப் போட்ட தகடு. வீட்டில் பிள்ளைகளுக்கு நல்ல புளுகம்.

பிறகு ஒருநாள் முறிகண்டியில் வழக்கம்போல நிறுத்தினோம். லீவரைப் பார்க்கில் (வண்டி நகராமல் பூட்டுகிற நிலை) போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினேன். கச்சான் விற்கிற அம்மா கத்தினா: "தம்பி, வான் பின்னுக்குப் போகுது!" திரும்பிப் பார்த்தால் வான் ஆறுதலாக ஏ9 வீதிப்பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே மாமி. ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஹான்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். லீவர் இன்னும் பார்க்கிலேயே நின்றது. கியர் பெட்டி ரிவர்ஸில் நின்றது.

வவுனியாவில் ஓட்டோ கியர் வேலை தெரிந்த ஒரு பாஸிடம் கொண்டுபோனேன். அவர் வானைத் தூக்கி, அடியில் ரோச் லைட்டைப் பிடித்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கீழ் லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போனது லான்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) கிளச் கேபிள். அந்த மாதிரிக் கேபிள் இழுக்கத்தான் உதவும், தள்ளாது. ஓட்டோ கியருக்கு இழுக்கவும் தள்ளவும் கூடிய கட்டிக் கேபிளோ இரும்புத் தடியோ வேண்டும். இவர்கள் மற்றப் பக்கம் இழுக்க ஒரு ஸ்பிரிங்கைக் கொழுவி விட்டிருந்தார்கள். பார்க்குக்குப் போவது அந்த ஸ்பிரிங்கின் பலத்தில். கியர் பெட்டிக்குள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது, ரோலர் அதில் போய் விழ வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் ரோலர் ரிவர்ஸ் பள்ளத்தைத் தாண்டாது. மேலே தகட்டில் இருக்கிற எழுத்துக்கு அது எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய அநியாயம் அடுத்தது. பார்க்கிலோ நியூட்ரலிலோ மட்டும் எஞ்சின் ஸ்டார்ட் ஆக விடுகிற ஒரு சுவிட்ச் கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது. கேபிள் அளவு பிழைத்ததால் பார்க்கில் வான் ஸ்டார்ட் ஆகியிருக்காது. அதற்காக அளவைச் சரிசெய்யாமல், சுவிட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, சிவப்பு ரேப் சுற்றிவிட்டிருந்தார்கள். எந்தக் கியரில் நின்றாலும் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கும். சின்னப் பிள்ளை திறப்பைத் திருப்பினாலும் பிடிக்கும்.

கியர் எண்ணெயும் கறுத்து, கருகின மணம். லீவர் இரண்டு நிலைக்கு நடுவில் நின்றால் உள்ளே எண்ணெய் அழுத்தம் முழுதாகப் போகாது, கிளச் தட்டுகள் வழுக்கிக் கருகும். கீழ் லீவருக்காக வானின் நிலத்தைக் கிரைண்டரால் வெட்டின ஓட்டையை அடைக்கவும் இல்லை. முல்லைத்தீவுப் பக்கக் கிரவல் ரோட்டில் ஓடினால் தூசி அதாலேதான் வருகிறது. தோல் உறையைத் தூக்கினால் ரோட்டுத் தெரியும்.

சரி, முதலில் லீவர் ஏன் ஆடியது? ஸ்டியரிங் தண்டின் அடியில் லீவரும் தடியும் பூட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் லீவர் தொய்யும், எந்தக் கியர் என்று காட்டுகிற முள்ளும் பிழையாகக் காட்டும். எனக்கு நடந்தது அவ்வளவுதான் என்றார் பாஸ். புஷ்ஷுக்கு இரண்டாயிரம் ரூபாயும் போகாது.

லீவர் ஆடினால் முதலில் அந்தப் புஷ்ஷைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கீழே மாற்றியிருந்தால் இன்றைக்கே பாருங்கள்: வெறும் வெளியில் நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் நன்றாக மிதித்துக்கொண்டு ரிவர்ஸிலும் டிரைவிலும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பிடித்தால் சுவிட்சின் வயரை வெட்டியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் கேபிள் அளவு பிழை. பார்க்கில் நிற்கும்போது பின்னால் ரிவர்ஸ் லைட் எரிந்தாலும் அளவு பிழை. உண்மையிலேயே கீழ் லீவர்தான் வேண்டும் என்றால், அதே கியர் பெட்டிக்குக் கம்பனி செய்த லீவரும் கேபிளும் ஒரே செட்டாக எடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். லீவர் நகர்கிற தூரமும் பெட்டியின் கை நகர்கிற தூரமும் ஒத்துப்போகாவிட்டால், டிரைவில் சரியாக வைத்தால் பார்க்கில் பிழைக்கும்.

கராச்சுக்குத் திரும்பப் போனபோது, "நீங்கள்தான் முரட்டுத்தனமாப் போட்டிருப்பியள்" என்றார் முதலாளி. கையில் இருந்த பில்லில் "கியர் வேலை" என்று இரண்டு சொல், தொகை, அவ்வளவுதான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்தேன். வேலை செய்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பில் பிரதியோடும், வெட்டின வயரின் படத்தோடும், வவுனியா பாஸ் எழுதித் தந்த துண்டோடும் அனுப்பியிருக்கிறேன்.

வானைப் பழையபடி மாற்றத்தான் இப்போது அலைச்சல். கழற்றின ஸ்டியரிங் லீவரைக் கேட்டால் "இரும்புக்குப் போட்டிட்டம்" என்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய வாகனச் சாமான் விற்கிற இடத்தில், ரீகண்டிசன் லீவர் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 38,000 சொல்கிறார்கள். எந்த வேலைக்குக் கொடுத்தாலும் கழற்றின சாமானை அன்றைக்கே கையோடு வாங்கிவிடுங்கள்.