சிம்சன் பாலைவனம் கான்வாய் ட்ரிப்: சேத்துல ஓட்டுறவன் மணல்ல மாட்டுன கதை

ட்ரிப் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு மூணு பேரு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, அதான் எழுதுறேன். ஜூலை மாசம் நானும் வீட்டுக்காரியும் ஆஸ்திரேலியா போயி, அடிலெய்ட்ல இருக்கிற மச்சானோட ப்ராடோ ஜீப்புல சிம்சன் பாலைவனத்த குறுக்கால கடந்துட்டு வந்தோம். தனியா இல்ல, ஒரு டூர் கம்பெனி கூட்டிட்டு போற கான்வாய்ல, கைடு வண்டி முன்னாடி போகும், நம்ம வண்டிய நாமதான் ஓட்டணும், பின்னாடியே போகணும், அவ்ளோதான். கம்பெனி பேரு போட மாட்டேன், பாராட்டவும் போறேன் திட்டவும் போறேன், எதுக்கு வம்பு. டிக்கெட்டு, டீசலு, கம்பெனி காசு எல்லாம் கூட்டுனா ஒரு ரெண்டாங்கை மைவி காரு வாங்கிடலாம் லா, அத முதல்லயே சொல்லிடுறேன்.

நான் மலேசியா சுங்கை சிப்புட்காரன், இருபது வருஷமா செம்பனை தோட்டத்துல ஹைலக்ஸ் ஓட்டுறவன். அடமழைல குலை ஏத்துன லோரியே புதைஞ்சு நிக்கிற ரோட்டுல நான் போயி வந்திருக்கேன், 1997-ல ஆரம்பிச்ச ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்ங்கிற ஜீப் போட்டி நடக்கிற காட்டுக்குள்ள வேடிக்கை பாக்கவும் போனவன், மணல் என்ன பெரிய மணல்னு ஒரு திமிரு. முதல் மேட்டுலயே மாட்டிக்கிட்டேன். சேத்துல வீல் சுத்துனா டயர் வரில அப்பிருக்கிற சேறு தெறிச்சு பிடிமானம் கெடைக்கும், அந்தப் பழக்கத்துல மணல்ல ஆக்சிலேட்டர மிதிச்சேன், வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கிட்டு வயிறு தட்டி உக்காந்துருச்சு. மச்சான் ஒண்ணும் பேசல, அவன் பாத்த பார்வ போதும்.

இங்கதான் அந்த கைடுக்கு முழு மார்க். அறுபது வயசு இருக்கும், கத்தல, சிரிக்கல, நேரா கேஜ் எடுத்து டயர பாத்தாரு. ஏற்கனவே காத்து எறக்கித்தான் வந்தோம், ஆனா நான் மனசு வராம 24 பிஎஸ்ஐலயே (டயர் காத்து அளவு) நிறுத்திட்டேன். 16 பிஎஸ்ஐக்கு எறக்குன்னாரு. காத்து கொறஞ்சா டயர் நீளவாக்குல படுத்து மணல் மேல பாய் விரிச்ச மாதிரி நிக்கும், புதையாது. அப்புறம் தூரத்துலயே வேகம் எடுத்துட்டு வரணும், மேட்டுல பாதில நின்னுட்டா திருப்பவே கூடாது, வந்த தடத்துலயே நேரா ரிவர்ஸ் எறங்கணும், குறுக்க திருப்புனா காடி உருண்டுரும். ரெண்டாவது தடவ அலுங்காம ஏறிடுச்சு, எனக்கே வெக்கமா போச்சு.

இந்த மாதிரி மேடு அங்க ஒண்ணு ரெண்டு இல்ல, 1,100-க்கு மேல, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இணையா செம்மண் கலர்ல வரிசையா நிக்குது, நம்ம செம்பனை வரிசைய மேலேர்ந்து பாத்தாப்ல. மேற்குப் பக்கம் சரிவு, கிழக்குப் பக்கம் செங்குத்து, அதனால மேற்குலேர்ந்து கிழக்கால போறதுதான் சுலபம், கம்பெனியும் அப்படித்தான் கூட்டிட்டு போச்சு. மேற்குப் பக்கம் மவுண்ட் டேர்ல டேங்க் ரொப்பிக்கிட்டா அப்புறம் கிழக்குப் பக்கம் பேர்ட்ஸ்வில் ஊரு வர்ற வரைக்கும் எண்ணெய் கெடையாது, 500 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் மணல்ல வண்டி டீசல தண்ணியா குடிக்கும், ஜெரிகேன் இல்லாம வராதீங்க.

ஒவ்வொரு வண்டிக்கும் உசரமா கம்பத்துல கொடி கட்டணும், மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்றவன் கண்ணுக்குத் தெரியணும்ல. ரேடியோ சேனல் 10. தினம் காலைல கைடு ரேடியோல ஒவ்வொரு வண்டியா கூப்புட்டு கேப்பாரு, தாத்தா காலத்து தோட்டத்து பெரட்டு (காலைல ஆள் கணக்கெடுக்கிறது) மாதிரியே இருந்துச்சு, வீட்டுக்காரி சிரிச்சுக்கிட்டே இருந்தா.

டல்ஹவுசி ஊத்துல வெந்நீர் குளியல் சுகம், சின்ன மீனுங்க கால கொத்தும். பாதை பேரு ஃபிரெஞ்ச் லைன், 1960-கள்ல எண்ணெய் தேட வந்த பிரெஞ்சு கம்பெனி போட்டது. பாப்பல் கார்னர்ல ரெண்டு மாநிலத்தோட எல்லையும் நார்தர்ன் டெரிட்டரி எல்லையும் சேருது, 1880-ல அளக்க வந்தவரோட சங்கிலி கொஞ்சம் நீண்டு போயிருந்ததால எல்லைக் கட்டைய தப்பான எடத்துல நட்டுட்டாங்க, பின்னாடி வந்தவங்கதான் சரியான எடத்துல மாத்துனாங்க. கடைசியா பிக் ரெட்ங்கிற பெரிய மணல் மேடு, உசரம் கிட்டத்தட்ட 40 மீட்டர், மூணாவது தடவைதான் ஏறுனேன்.

இப்ப திட்டு. 9 வண்டி ரொம்ப அதிகம், ஒண்ணு மாட்டுனா எட்டும் நிக்கணும். நாங்கதான் கடைசி வண்டி, ஏழு நாளும் கடைசியேதான், மாத்தி விடுங்கன்னு ரெண்டு தடவ கேட்டும் நாளைக்கு நாளைக்குன்னாங்க, தின்ன புழுதிக்கு கணக்கே இல்ல. ஒருத்தன் ட்ரெய்லர் இழுத்துட்டு வந்தான், இந்தப் பாதைக்கு அது வேணாம்னு கம்பெனிக்கு தெரியாதா, அவன இழுத்தே ஒரு மத்தியானம் போச்சு. சாப்பாடு ராத்திரி ஆனா சாசேஜு, வெள்ளிக்கிழம சைவம்னு புக் பண்றப்பவே எழுதிக் குடுத்தோம், வந்தது அவிச்ச உருளைக்கிழங்கும் மன்னிப்பும். நல்லவேள அடிலெய்ட் இந்தியக் கடைல பருப்புப் பொடியும் ஊறுகாவும் வாங்கி வெச்சிருந்தா மச்சான் பொண்டாட்டி. ஊர்லேர்ந்து இக்கான் பிலிஸ் (நெத்திலி) சம்பல் கொண்டு போறவங்க ஏர்போர்ட்ல கட்டாயம் டிக்லேர் பண்ணுங்க, மறைச்சா ஃபைன் போட்டு தீட்டிருவான்.

இந்தப் பாலைவனப் பார்க்க டிசம்பர் 1-லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் வெயிலுக்காக மூடிருவாங்க. ஜூன் ஜூலை நல்லது, ஆனா ராத்திரி குளிரு நம்ம கேமரன் குளிரெல்லாம் ஒண்ணுமே இல்ல, தடிப்பான ஸ்லீப்பிங் பேக் வாங்குங்க, கம்பெனி குடுக்குறத நம்பாதீங்க. மலேசியாலேர்ந்து போறவங்க ஜேபிஜேல (ரோடு போக்குவரத்து இலாகா) இன்டர்நேஷனல் லைசன்ஸ் எடுத்துக்குங்க. வாடகை வண்டி எடுக்குறவங்க இன்சூரன்ஸ் பேப்பர படிங்க, நிறைய கம்பெனி இந்தப் பாதைக்கு கவர் தராது. கைடுக்கு 5-க்கு 5, சாப்பாட்டுக்கு 1, வண்டி வரிசைக்கு பூஜ்ஜியம். மச்சான் அடுத்த வருஷமும் போலாங்கிறான், 5 வண்டிக்கு மேல போனா நான் வரலன்னு சொல்லிட்டேன்.