முன்நெற்றி ஏறுகிறதா? பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

அக்காவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று சில வருடங்களில் முன்நெற்றி ஏற ஆரம்பித்தது. புருவம் அதற்கு முன்பே கொட்டிவிட்டது; பென்சிலால் வரைந்துகொள்வாள்.

பெரிய போர்டு வைத்த ஒரு ஹேர் கிளினிக்கில், வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருவர் செல்போனில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயசானா வர்றதுதான் மேடம். வேர் தூங்கிட்டிருக்கு, பிஆர்பி போட்டு எழுப்பிடலாம்" என்றார் (பிஆர்பி என்றால் நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்ததை ஊசியாகப் போடுவது). அவர் டாக்டர் இல்லை, கவுன்சிலராம். 65,000 ரூபாய், முழுதும் முன்பணம். ரத்தம் எடுத்துச் சுழற்றி நெற்றியெல்லாம் குத்தினார்கள். நெற்றி இன்னும் ஏறியதுதான் மிச்சம். அடுத்து முடி நடலாம் என்றார்கள். புருவத்துக்கும் சலுகை விலையில் பச்சை குத்தித் தருவார்களாம்! அந்தப் புருவம்தான் நோயின் முதல் அடையாளமே.

நல்லவேளை, அதற்குள் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் முதல் வேலையாக ஈரப் பஞ்சால் புருவ மையைத் துடைத்தார். அப்புறம் டெர்மோஸ்கோப்பை, அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை, வைத்துக் காட்டினார். ஓரத்து முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும் செதிலும். அதற்கு முன்னால் வழவழவென்று வெளுத்த தோல், முடி முளைக்கும் துளையே காணோம். பழைய ஓரத்தில் ஒன்றிரண்டு முடி மட்டும் தனியாக நின்றது. தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சியிலும் உறுதியானது: ஃப்ரண்டல் ஃபைப்ரோசிங் அலோபேசியா.

1994-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் முதலில் விவரித்த நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். அழற்சி முடிவேரை அழித்து அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். தூங்குகிற வேர் எதுவும் அங்கே கிடையாது. போனது பெரும்பாலும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மாத்திரையும், ஓரத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. நோய் அடங்குமுன் முடி நட்டால் அதுவும் கொட்டும். அடங்கியபின் நட்டாலும் சில வருடங்களில் உதிரலாம். இதில் ஒரு வார்த்தைகூட அந்த கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. பணத்தைவிட, மருந்து தொடங்கியிருக்க வேண்டிய அந்த மாதங்கள் போனதுதான் வயிற்றெரிச்சல்.

நெற்றியோடு புருவமும் குறைந்தால், ஓரத்தில் அரிப்போ எரிச்சலோ இருந்தால், நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது.

கிளினிக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்' என்று கையெழுத்து வாங்கிய தாளை நீட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். பில்லில் 'ஹேர் சர்வீஸ்' என்று மட்டும் போட்டிருப்பதால் இழுக்கிறது. எங்கே போனாலும் என்ன சிகிச்சை, எந்த டாக்டர், அவர் பதிவு எண் என்ன என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.