வாழ்வு மரம்: வண்ணம் பூசியதா, வெறும் மண்ணா?

மெக்சிகோவின் சுடுமண் சிற்பங்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது வாழ்வு மரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எந்த ஊர் மரம், எந்த வகை என்பதில்தான் நீண்ட யோசனை. தொலூக்கா நகரை ஒட்டியிருக்கும் மெதெபெக், புவெப்லா மாநிலத்தின் இசூகார் தெ மாத்தமோரோஸ், அதே மாநிலத்தின் அகத்லான் ஆகிய மூன்று ஊர்களும் இந்த மரத்துக்குப் பேர்போனவை. கடைசியில் மெதெபெக்கின் வண்ணம் பூசாத மரத்தை வாங்கினேன். இன்னொருமுறை தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

மரத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். உச்சியில் கடவுள். நடுத்தண்டில் சுற்றிய பாம்பு. அதன் இருபுறமும் ஆதாமும் ஏவாளும். கீழே, வாளோடு அவர்களைத் தோட்டத்திலிருந்து விரட்டும் மிக்கேல் தூதர். சுற்றிலும் இலை, பூ, பறவை, விலங்குகள். பல மரங்களில் சூரியனும் நிலவும் ஆளுக்கொரு பக்கம். விவிலியத்தில் வாழ்வின் மரம் வேறு, பாம்பு பேசிய நன்மை தீமை அறியும் மரம் வேறு. மெதெபெக் கைவினைஞர்கள் இரண்டையும் ஒரே தண்டில் வைத்துவிட்டார்கள். பூத்துக் குலுங்கும் கிளைகளுக்கு நடுவிலேயே மனிதன் வெளியேற்றப்படுகிறான். செழிப்பும் இழப்பும் ஒன்றாக நிற்கும் இந்த அமைப்புதான் என்னை முதலில் இழுத்தது. எலும்புக்கூடுகள் நிறைந்த மரண மரங்களையும் இதே ஊர்க்காரர்கள் செய்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது இதற்கு எதிரானது இல்லை, இதன் மறுபக்கம்.

இசூகார் மரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெழுகுவத்தித் தாங்கியாகவும் சாம்பிராணிக் கலமாகவும் இருந்த பழைய வடிவங்களோடு நெருக்கமான தொடர்பு உள்ளது அதுதான். புதுமணத் தம்பதிக்கு அங்கே இதைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இலையும் பூவும் நிறைந்த மரம் பிள்ளைப்பேற்றுக்கும் வளத்துக்குமான வாழ்த்து. அவ்வூரின் கைவினைஞர் அல்ஃபோன்சோ கஸ்தியோ ஒர்த்தா 1996இல் மெக்சிகோவின் தேசிய அறிவியல், கலை விருதைப் பெற்றவர். வெள்ளைப் பூச்சின்மேல் மயிரிழைத் தூரிகையால் அவர் குடும்பத்தார் இழுக்கும் கோடுகளைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் அந்தக் கோடுகளில்தான் அந்த மரத்தின் உயிரே இருக்கிறது. கோடு அழிந்தால் பாதி சிற்பம் போய்விடும்.

அகத்லானில் எரோன் மார்த்தீனெஸ் மெந்தோசா என்ற கைவினைஞர் வழி வந்த மெருகேற்றிய மண் சிற்பங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு விலங்கின் முதுகில் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று கோபுரமாக ஏறும் உருவங்கள் அவை. வண்ணம் பூசுவதிலிருந்து விலகி, மண்ணைத் தேய்த்தே பளபளப்பு வரவைத்தவர் அவர். பராமரிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இது என் மரத்தையும் தோற்கடிக்கலாம். வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனக்கு ஆதாம் ஏவாள் கதை வேண்டியிருந்தது, அதனால் விட்டேன். மிச்சோவகான் மாநிலத்தின் ஒகுமிச்சோ கிராமத்துச் சாத்தான் பொம்மைகளையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். மார்செலினோ விசென்தே என்ற இளைஞர் தொடங்கி வைத்து, பிறகு புரேபெச்சா பழங்குடிப் பெண்கள் வளர்த்தெடுத்த அந்தக் கலை தனி உலகம். மரத்தோடு வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

சரி, மெதெபெக்குக்கு வருவோம். இங்கே மரம் செய்வது பெரிய அளவில் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். மொதெஸ்தா ஃபெர்னாந்தெஸ் என்ற பெண்மணியும் அவர் வழிவந்த சொத்தேனோ குடும்பமும் இதில் முக்கியமானவர்கள். களிமண்ணோடு சம்பங்கோரைப் பூவின் பஞ்சைக் கலந்து பிசைகிறார்கள். அந்த நார் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் மெல்லிய உறுப்புகள் வெடிக்காமல் காய்கின்றன. இலைகளும் சிறு உருவங்களும் கம்பி வைத்துக் கிளையில் பொருத்தப்படுகின்றன.

வண்ணமா, மண்ணா என்ற கேள்விக்கு என் பதில் தூசியிலிருந்து தொடங்குகிறது. இந்த மரத்தில் தட்டையான இடமே கிடையாது. நூற்றுக்கணக்கான இலை, இதழ், இறக்கை, ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் இடுக்கு. தூசி படிந்தே தீரும், துடைத்தே ஆக வேண்டும். வண்ண மரத்தில் சாயம் சூளையில் உருகி மண்ணோடு சேர்ந்ததல்ல. சுட்டு முடித்த பிறகு மேலே பூசியது. பழைய முறைச் சாயம் ஈரத்துணி பட்டால் கரைந்து வரும். இப்போதைய அக்ரிலிக் பூச்சு தாக்குப்பிடிக்கும், ஆனால் உள்ளே இருக்கும் மண் ஈரத்தை உறிஞ்சினால் அதுவும் செதிலாக எழும்பும். சன்னல் வெயிலில் வைத்தால் பிரகாசமான நிறங்கள் மங்கத் தொடங்கும். வெறும் மண்ணுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மென்மையான உலர்ந்த தூரிகை ஒன்று போதும். வெயில் அதை ஒன்றும் செய்யாது.

உடைந்தால் என்ன என்பது இதைவிடப் பெரிய விஷயம். எத்தனை கவனமாக இருந்தாலும் என்றாவது ஓர் இலை முனை போகும். வண்ண மரத்தில் அந்த இடம் சிவந்த காயம்போலப் பளிச்சென்று தெரியும். மறுபடி பூசினாலும், பழைய நிறம் மங்கியிருப்பதால் புதியது அதோடு பொருந்தாமல் தனித்துத் தெரியும். மண் மரத்தில் உள்ளும் புறமும் ஒரே நிறம். பசை வைத்து ஒட்டினால் நெருங்கிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். கம்பி துருப்பிடிப்பது இரண்டுக்கும் பொது. கடலோர ஊர்க்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். நீண்டகாலத்தில் அது எப்படி ஆகும் என்று சொல்ல என் அனுபவம் போதாது.

வண்ணம் இல்லாவிட்டால் கதை மங்கிவிடும் என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மைதான், பச்சைப் பாம்பு கண்ணில் படும் வேகத்தில் மண் பாம்பு படாது. ஆனால் கடவுள் மண்ணை எடுத்து மனிதனைப் பிசைந்தார் என்பதுதானே ஆதாமின் கதை. இந்த மரத்தில் ஆதாம், பாம்பு, இலை, தூதர், உச்சியில் இருக்கும் கடவுள் எல்லாருமே அதே மண். அந்த ஒற்றுமையை எந்த வண்ணமும் எனக்குத் தரவில்லை. தவிர, பூச்சு மறைக்காததால் விரல் அழுத்திய தடமும் கருவி கீறிய கோடும் அப்படியே தெரிகின்றன. அச்சில் எடுத்த முகத்தைக் கையால் திருத்தினார்களா, அப்படியே ஒட்டினார்களா என்பதும் தெரிந்துவிடும். விலை கொடுப்பவருக்கு அது முக்கியம்.

குழந்தைகளுக்குக் கதை சொல்லிக் காட்ட வேண்டும், கண்ணாடிப் பேழைக்குள் வைக்க இடம் இருக்கிறது என்றால் வண்ண மரத்தையே வாங்குங்கள், அதன் கொண்டாட்டம் இதில் வராது. எதை வாங்கினாலும் அதிலுள்ள குழிகளில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம்; ஒழுகிய மெழுகையும் புகைக்கரியையும் இடுக்குகளிலிருந்து எடுப்பது பெரும்பாடு. மரத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கம்பி முனைகள் ஆடுகின்றனவா என்று மெல்லத் தொட்டுப் பாருங்கள். அப்புறம், செய்தவரிடமே வாங்குவதானால் உதிரியாக நாலைந்து இலைகளும் சேர்த்துக் கேளுங்கள்.