காட்டன் சீட்டு, உல்லன் நூல்: காரைக்குடியில் தொப்பி பின்னுபவர்கள் கவனிக்க

காரைக்குடியில் ஒரு நூல் கடையில் '100% காட்டன், 100 கிராம்' என்று சீட்டு ஒட்டிய 20 கண்டு வாங்கினோம். கானாடுகாத்தானில் உச்சி வெயிலில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க அலையும் பயணிகளுக்காக, அகல விளிம்பு வைத்த குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) தொப்பி பின்னுவதற்கு. எட்டுத் தொப்பி முடிந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

வெளிப்படுத்தியது கஞ்சி. விளிம்பு விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சியில் முக்கி, ஈரத்துணி போட்டு இஸ்திரி வைப்பது வழக்கம். காட்டன் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அப்பளம் மாதிரி நிற்கும். இதிலோ கஞ்சி மேலேயே வெள்ளைப் பொருக்காகப் படிந்தது. சூடு பட்ட இடம் பளபளத்து, துவண்டு தொங்கிவிட்டது. நூல் காட்டனே இல்லை, அக்ரிலிக் என்ற செயற்கை இழை. நாம் உல்லன் என்கிறோமே அதுதான், சூட்டில் இளகிவிடும். ஒருமுறை துவண்டால் துவண்டதுதான். வேர்வையையும் உறிஞ்சாது, நம்மூர் வெயிலுக்கு அதைத் தலையில் வைப்பது தண்டனை.

வாங்கும்போதே ஒரு சாண் நூல் கேளுங்கள். இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிகிற வாசனையோடு எரியும். அணைத்த பிறகும் நுனி தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் தீயைக் கண்டதும் சுருங்கும், உருகும், கரும்புகை விடும், ஆறினால் கடுகு போல் கெட்டி மணியாகும். சாம்பலுக்குள் மணி நெருடினால் கலப்பு. புரிகளைப் பிரித்துத் தனித்தனியாகக் கொளுத்துவது நல்லது, ஒரு புரி மட்டும் வேறாக இருக்கலாம். மினுமினுப்பை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் பளபளப்பேற்றிய, சுத்தமான காட்டனும் மினுக்கும்.

எடையிலும் அடி. நடுவிலிருந்த அட்டையை எடுத்துவிட்டு நிறுத்தால் கண்டுக்கு 81 முதல் 85 கிராம்தான். எங்கள் தொப்பி ஒன்றுக்கு 120 கிராம் பிடிக்கும். எட்டுத் தொப்பிக்குப் பத்துக் கண்டு போதும் என்று கணக்குப் போட்டால் பன்னிரண்டு போனது. நடுவில் புதுக் கண்டு சேர்த்த இடத்தில் அரக்கு நிறம் கோடு போட்ட மாதிரி மாறிற்று. சீட்டில் லாட் எண்ணை, அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்பதைக் காட்டும் எண்ணை, பார்த்தால் மூன்று விதம்! ஒரே நிறம், ஒரே லாட் எண் என்று பார்த்து வாங்குங்கள். அரக்குச் சிவப்பை ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். சாயம் ஏறினால் வேர்வையில் நெற்றியும் சிவக்கும்.

நூல் நல்லதென்றாலும் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து அளந்த பிறகே தொடங்குங்கள். 9.5 ஆகச் சுருங்கினால் 56 செ.மீ. தொப்பி 53 ஆகிவிடும், தலைக்கு ஏறாது. தொப்பியின் உச்சியில் தொடங்கி, மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் தொடக்க வளையம்) 6 சிங்கிள் குரோஷே (குட்டையான அடிப்படைப் பின்னல்), பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 6 பின்னல் கூட்டல். இப்படி வரும் உச்சி வட்டத்தின் குறுக்களவு, தலையின் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் வருவது. 56-க்கு ஏறக்குறைய 18 செ.மீ. அங்கே கூட்டலை நிறுத்தாவிட்டால் தொப்பி கூடையாகிவிடும். சுருங்கும் அளவையும் இதே கட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

'பிரித்த கண்டு திரும்ப எடுக்க மாட்டோம்' என்றது கடை. பில்லில் 'நூல் 20' என்று மட்டும் எழுதியிருந்ததால் வாதாட வழியில்லை. 'காட்டன்' என்ற சொல்லும், எடையும், லாட் எண்ணும் பில்லில் வரட்டும். பொட்டலத்தில் போட்டிருக்கும் நிகர எடையில் அட்டையும் உறையும் சேரக்கூடாது. குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915. சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

மீதி எட்டுக் கண்டு கால்மிதிக்குப் போகிறது. அதற்குக் கஞ்சி வேண்டாம்.