ஓட்டல் கிரேவிக்கு ஹேண்ட் பிளெண்டர்: எங்கே போதும், எங்கே போதாது

வெங்காயம் தக்காளி கிரேவியை ஓட்டலில் கிடைப்பதுபோல வழுவழுவென்று செய்ய, பாத்திரத்துக்குள்ளேயே இறக்கி அரைக்கும் ஹேண்ட் பிளெண்டர் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை நம்பி மிக்ஸியின் சட்னி ஜாரைப் பரணில் ஏற்றிவிட முடியாது. இரண்டும் செய்யும் வேலை வேறு. இவற்றோடு ஒரு நல்ல கம்பிவலை வடிகட்டியும் இருந்தால்தான் அந்தப் பதம் கைக்கு வரும்.

பதம் சரியா என்று பார்க்க மூன்று சோதனை போதும். ஆறிய கிரேவியை இரு விரலுக்கு நடுவே தேய்த்தால் திப்பி தட்டக் கூடாது. கரண்டியின் முதுகில் படிந்த கிரேவியில் விரலால் கோடு இழுத்தால் கோடு உடனே மூடிக்கொள்ளக் கூடாது. தட்டில் ஒரு கரண்டி ஊற்றி ஒரு நிமிடம் விட்டால் ஓரத்தில் தண்ணீர் தனியாகக் கசியக் கூடாது. கடைகளில் பிளெண்டரை விற்கும்போது வாட்ஸ் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். உண்மையில் இந்த மூன்றில் முதல் சோதனைக்கு மட்டும்தான் கருவி பொறுப்பு, அதுவும் பாதிதான். மீதி அடுப்பில் நடக்கிறது.

ஹேண்ட் பிளெண்டர் உண்மையிலேயே ஜொலிப்பது, மசாலா சேர்க்கும் முன் மொத்தமாகச் செய்துவைக்கும் அடிப்படை கிரேவியில். 1 கிலோ வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, 100 மில்லி எண்ணெயில் 40 கிராம் பூண்டு, 30 கிராம் இஞ்சி, 1 தேக்கரண்டி உப்போடு 10 நிமிடம் வதக்க வேண்டும். சிவக்கக் கூடாது. பிறகு 750 மில்லி தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் 40 நிமிடம். வெங்காயத் துண்டைக் கரண்டியால் அழுத்தினால் கூழாக நசுங்க வேண்டும். அதன் பிறகே 250 கிராம் தக்காளி, இன்னும் 20 நிமிடம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. தக்காளியின் புளிப்பு வெங்காயத்தின் செல் சுவரில் உள்ள, செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருள் கரைவதைத் தாமதப்படுத்தும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் வெங்காயம் வெந்ததுபோல் தோன்றும், அரைத்த பிறகு நறநறவென்று துகளாக நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளெண்டரும் அதைச் சரிசெய்யாது. பச்சை வெங்காயத்தை அரைத்துவிட்டு வதக்குவதும் வேண்டாம்; அதில் வரும் கசப்பு கடைசிவரை போகாது.

வெந்ததை ஆழமான பாத்திரத்தில் வைத்து, பிளெண்டரின் மணி போன்ற முனை முழுவதும் மூழ்கியிருக்க, அடிவரை இறக்கிய பிறகே ஸ்விட்சை அழுத்த வேண்டும். முனை மேலே வந்தால் சூடான கிரேவி தெறிக்கும், காற்றும் உள்ளே போகும். அடியில் 30 வினாடி, பிறகு லேசாகச் சாய்த்து மெதுவாக மேலும் கீழும். வீட்டு மாடல்கள் பலவற்றின் கையேட்டில் ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று இருக்கும். அதை மதித்து, இடைவெளி விட்டு மொத்தம் 3, 4 நிமிடம் அரைக்கலாம். பெரும்பாலானவர்கள் கட்டி மறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய 2 நிமிடம்தான் வழுவழுப்பைத் தருகிறது. அரைத்ததும் நிறம் வெளிறி நுரையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே போன காற்றும் எண்ணெய் சிறு துளிகளாகச் சிதறியதும்தான் காரணம். 10 நிமிடம் கொதித்தால் நிறம் திரும்பும்.

போதாத இடங்கள் இவை. கொஞ்சம் முந்திரியை ஹேண்ட் பிளெண்டர் மைய அரைக்காது. அளவு சிறியது, முனை மூழ்காது, பருப்பு சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டு பேருக்கு வேண்டிய ஒரு கிண்ணம் கிரேவிக்கும் அதே கதைதான். தக்காளித் தோலைச் சுருள் சுருளாக வெட்டும், கரைக்காது. முற்றிய இஞ்சியின் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

முந்திரிக்குச் சட்னி ஜார்தான். 50 கிராம் முந்திரியை வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, வடித்து, முதலில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு அரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தண்ணீர் அதிகமானால் பருப்பு பிளேடிலிருந்து தப்பிவிடும். விழுது திரண்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து நீட்டலாம். மிக்ஸியின் பெரிய குறை சூடு. கொதிக்கும் கிரேவியை ஜாரில் ஊற்றி ஓட்டினால் ஆவியின் அழுத்தத்தில் மூடி பிய்த்துக்கொண்டு எழும்பும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அரைப்பதே பாதுகாப்பு. 1,200 வாட்ஸுக்கு மேற்பட்ட அதிவேக பிளெண்டர் இருந்தால் தோல், முந்திரி இரண்டும் அதிலேயே கரையும். கிரேவிக்காக மட்டும் அதை வாங்குவது அதிகம்.

வடிகட்டியைப் பலரும் பொருட்டாக நினைப்பதில்லை. நெருக்கமான வலையுள்ள, அகலமான எஃகு வடிகட்டியில் கிரேவியை ஊற்றி, குழிக்கரண்டியின் முதுகால் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் தோல், விதை, நார் மூன்றும் மேலே நின்றுவிடும். வலையின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துக்கொள்ளுங்கள், கெட்டியான பகுதி அதுதான். சாதாரண பிளெண்டரோடு இந்த ஒரு வேலையைச் சேர்த்தால் கிடைக்கும் வழுவழுப்பு, வடிகட்டாத அதிவேக பிளெண்டருக்குச் சளைத்ததல்ல. டீ வடிகட்டி இதற்கு உதவாது, அடைத்துக்கொள்ளும்.

அடிப்படை கிரேவியைக் கெட்டியாக வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. சுமார் 500 மில்லி வெந்நீர் சேர்த்துப் பால் பதத்துக்கு நீர்க்க வைக்க வேண்டும். கெட்டித்தன்மை கடைசியில், அகலமான வாணலியில், பெருந்தீயில் சுண்டும்போது வருவது. மசாலாத் தூள் வதங்கிய எண்ணெயில் இந்த நீர்த்த கிரேவியை முதலில் 75 மில்லி ஊற்றி, குமிழ்கள் பெரிதாகி எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை விடவும். மறுபடி 75 மில்லி, மறுபடி அதே நிலை. பிறகு 150 மில்லி. ஒரேயடியாக 300 மில்லி ஊற்றினால் வெறுமனே கொதிக்கும், வதங்காது. மசாலா தனி, சாறு தனி என்று நிற்கும். கொத்தமல்லித் தூள் கொரகொரப்பாக இருந்தால் இத்தனை உழைப்பும் வீண், அதைச் சலித்தே போடுங்கள்.

முந்திரி விழுது இறங்கியதும் தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் மாவுச்சத்து அடியில் பிடிக்கும். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் வேண்டிய பதத்தைவிட ஒரு கரண்டி நீர்க்கவே இறக்கலாம். இறுகிப்போய் எண்ணெய் கக்கினால் வெந்நீர் 2 மேசைக்கரண்டி விட்டுக் கிளறினால் சேர்ந்துவிடும். தயிர் திரிந்தால் அப்படி மீளாது. பிளெண்டரால் அடித்தால் குருணை சிறிதாகும், மறையாது. 200 கிராம் தயிருக்கு 1 தேக்கரண்டி கடலை மாவு கலந்து, நன்றாக அடித்து, தீயைத் தணித்துச் சேர்ப்பதுதான் வழி.

வாங்கும்போது தண்டு எஃகாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் தண்டில் மஞ்சள் கறை ஏறும், கொதிக்கும் கிரேவியில் வைப்பதற்கும் அது ஏற்றதல்ல. தண்டைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். முனையின் உட்புறம் எண்ணெயும் விழுதும் தங்கும் இடம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி தேவை, மெதுவாகத் தொடங்கினால்தான் தெறிக்காது. 600 முதல் 800 வாட்ஸ் போதும். நான்ஸ்டிக் பாத்திரத்தில் மட்டும் இதை இறக்காதீர்கள், எஃகு முனை பூச்சைக் கீறிவிடும்.