ஹார்ட்மான் டூலிப் டீகால் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

1/48 அளவில் மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி-6 (இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்விமானம்) மாடல் செய்துகொண்டிருப்பவர்கள், அதிலும் ஜெர்மன் போர்விமானி எரிக் ஹார்ட்மானின், மூக்கில் கறுப்பு டூலிப் பூவிதழ்கள் வரைந்த விமானத்தைச் செய்ய ஆசைப்படுபவர்கள், தனியாக டீகால் தாள் (தண்ணீரில் நனைத்து மாடலின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒரு தனி ஆளிடம் நான் வாங்கிய தாள் குப்பைக்குத்தான் லாயக்கு. அவர் இன்னும் அதே படத்தைப் போட்டு அதையேதான் விற்றுக்கொண்டிருக்கிறார்.

விளம்பரத்தில் ‘சில்க் ஸ்கிரீன் அச்சு, வெள்ளை மை உண்டு’ என்று தெளிவாகப் போட்டிருந்தது. வெள்ளை மைதான் இதில் உயிர்நாடி. சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளை கிடையாது, காகிதத்தின் வெள்ளையைத்தான் அது வெள்ளையாகக் காட்டும். டீகாலைத் தண்ணீரில் நனைத்துக் காகிதத்தை உருவியதும் அந்த வெள்ளையும் கூடவே போய்விடும். மற்ற விமானங்களில் எப்படியாவது சமாளிக்கலாம், 1944 காலத்து ஜெர்மன் விமானத்தில் நடக்காது. டூலிப் இதழ்களைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, உடல்பகுதிச் சிலுவைக்கு வெள்ளை ஓரம், இறக்கையின் மேல்பக்கச் சிலுவையோ வெறும் வெள்ளை வெளிக்கோடு மட்டும்தான். போதாததற்கு இது ஜேஜி 52 என்ற ஜெர்மன் போர்விமானப் படைப்பிரிவின் 9-வது ஸ்டாஃபல் (ஸ்குவாட்ரன்) விமானம், எண் மஞ்சள். அடியில் வெள்ளை இல்லாத மஞ்சளைச் சாம்பல் நிறத்தின் மேல் ஒட்டினால் அழுக்குப் பச்சையாகத்தான் தெரியும்.

தாள் வந்தது. கம்பெனிப் பெயர் இல்லை, தாள் எண் இல்லை, எதை எங்கே ஒட்டுவது என்ற வரைபடமும் இல்லை. பின்காகிதம் வெள்ளையாக இருந்தபோதே சந்தேகம் தட்டியது, ஏனென்றால் நல்ல அச்சகங்கள் பெரும்பாலும் வெளிர்நீலக் காகிதத்தில்தான் அடிப்பார்கள், வெள்ளை மை கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலுவையின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வேறு யாரோ உழைத்து வரைந்த தாளை ஸ்கேன் பண்ணி அப்படியே பிரிண்ட் எடுத்திருக்கிறார். எரிபொருள் மூடிக்குப் பக்கத்தில் வரும் மஞ்சள் முக்கோணத்தில் 87 என்று இருக்க வேண்டும் (ஆக்டேன் எண்), அங்கே ஒரு கறுப்புப் பொட்டுதான் இருந்தது. ‘நிஷ்ட் பெட்ரெட்டன்’, அதாவது இங்கே மிதிக்காதே என்ற எழுத்து நசுங்கிய எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

இதைவிடக் கூத்து என்னவென்றால், வலதுபக்கத்துக்கானவற்றை இடதுபக்கப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டே தயாரித்திருக்கிறார். அதனால் ‘1’ என்ற எண்ணின் மூக்கு தப்பான பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாலில் வரும் ஸ்வஸ்திகாவும் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. உண்மை விமானத்தில் இரண்டு பக்கமும் ஒரே திசையில்தான் வளைந்திருக்கும். ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதற்குத் தடை இருப்பதால் பல கம்பெனிகள் அதை விட்டுவிடும், இல்லையென்றால் இரண்டு மூன்று துண்டாக உடைத்து அச்சடிக்கும். அந்தச் சின்னமே இல்லாமல் வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எந்தப் புதுத் தாளையும் முதலில் ஒரு பழைய இறக்கையில் ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம், அதனால் மாடல் தப்பியது. தாள் முழுக்க ஒரே ஃபிலிம் (சின்னங்களைத் தாங்கும் மெல்லிய நிறமற்ற படலம்), ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டிக் கத்தரிக்க வேண்டியிருந்தது. கத்தரித்த ஓரத்திலிருந்து டோனர், அதாவது லேசர் பிரிண்டர் மை, பொடிப்பொடியாக உதிர்ந்தது. மைக்ரோ சால் (டீகாலை இளக்கிப் படியவைக்கும் திரவம்) தடவியதும் மிச்சமும் விரிசல் விட்டது. இறக்கைச் சிலுவையை ஒட்டினேன், ஒன்றுமே தெரியவில்லை! அங்கே இருந்தது வெறும் கண்ணாடி ஃபிலிம்.

படங்களோடு புகார் அனுப்பினால் வந்த பதிலைக் கேளுங்கள்: ‘ஒட்டும் இடத்தில் முதலில் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் சார்.’ டூலிப் இதழின் அளவுக்கு இம்மி பிசகாமல் வெள்ளை அடிக்கத் தெரிந்தவன் உங்களிடம் டீகால் வாங்க எதற்கு வருகிறான்? அப்புறம், தாளைக் கத்தரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாதாம். தளத்தில் முறையிட்ட பிறகு தாளின் விலை மட்டும் திரும்பி வந்தது. தபால் செலவு போனது போனதுதான், அது தாள் விலையைவிட அதிகம்.

வாங்குவதாக இருந்தால் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை நம்பாதீர்கள். உண்மையான தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியாக ஃபிலிம் இருந்தால் அதில் பளபளப்பாகத் தெரிந்துவிடும். அச்சடித்தது யார் என்றும் கேளுங்கள். இத்தாலியின் கார்டோகிராஃப் போன்ற இடத்தில் அடித்த தாள் என்றால் விற்பவர் தாமாகவே பெருமையாகச் சொல்லிவிடுவார். இந்த ஆசாமியிடம் இரண்டையும் கேட்டேன், மறுபடியும் அதே விளம்பரப் படத்தைத்தான் அனுப்பினார்.